சைலோசைபின் ஆய்வுகள்: மூளைப் படத்தை எவ்வளவு தூரம் நம்பலாம்?

வைகைக்கரை, மதுரை

அனைவருக்கும் வணக்கம். மனநலத் துறை மேற்படிப்பு மாணவர்களின் அடுத்த வாசிப்புக் கூட்டத்துக்கு, சில காளான்களில் இருக்கும் மாயக்காட்சி மருந்தான சைலோசைபின் பற்றிய ஆய்வுகளை எடுத்திருக்கிறோம். 2012-ல் பிரிட்டன் குழு வெளியிட்ட எஃப்எம்ஆர்ஐ (மூளை வேலை செய்வதைக் காட்டும் ஸ்கேன்) கட்டுரை, 2024-ல் நேச்சர் இதழில் வந்த செயின்ட் லூயிஸ் கட்டுரை, 2021-லும் 2022-லும் வந்த மனச்சோர்வுச் சோதனைகள் ஆகியவை கையில் இருக்கின்றன. யூடியூபில் எல்லாரும் காட்டுகிற மூளை இணைப்பு வட்டப் படம் தெரியும்தானே, மருந்து இல்லாத பக்கம் நாலைந்து கோடு, மருந்து எடுத்த பக்கம் கோடுகள் பின்னிக் கிடக்கும். அதைக் காட்டி "மூளை முழுக்கத் திறந்துகொள்கிறது" என்று பேசிவிட்டு வர மனமில்லை. மருந்து எங்கே வேலை செய்கிறது, ஸ்கேனில் தெரிவதில் எவ்வளவு நரம்பணுவின் வேலை, சிகிச்சைச் சோதனைகளின் முடிவை எப்படி எடைபோடுவது என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். மதுரையில் இருந்தபடி சட்டத்துக்கு உட்பட்டு இத்துறையில் என்ன செய்யலாம் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாசிவீதி

மருந்தியல் பகுதியை நான் எடுத்துக்கொள்கிறேன் தம்பி.

சைலோசைபின் அந்த வடிவத்திலேயே மூளைக்குப் போய் வேலை செய்வதில்லை. உடலில் உள்ள அல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி அதன் பாஸ்பேட்டைக் கழற்றிவிட, மிஞ்சுகிற சைலோசின்தான் மூளைக்குள் போகிறது. வாய்வழி 25 மி.கி. என்றால் 20 முதல் 40 நிமிடத்தில் தொடங்கி, ஒன்றரை மணி நேரத்தை ஒட்டி உச்சம் தொட்டு, 4 முதல் 6 மணி நேரத்தில் இறங்கிவிடும். ஆகவே எந்தக் கட்டுரையை எடுத்தாலும் மருந்து கொடுத்த எத்தனையாவது நிமிடத்தில் ஸ்கேன் எடுத்தார்கள் என்று முதலில் பாருங்கள். 2012 கட்டுரையில் 2 மி.கி.யை ரத்தநாளம் வழியாக ஒரு நிமிடத்தில் ஏற்றி, உள்ளே படுத்திருக்கும்போதே மாற்றத்தைப் பிடித்தார்கள். 2024 கட்டுரையில் வாய்வழி 25 மி.கி. இரண்டையும் ஒரே அட்டவணையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் கேட்பவர் குழம்பிவிடுவார்.

முக்கிய இலக்கு, அணுக்களில் செரட்டோனின் ஒட்டும் இடங்களில் ஒன்றான 5-எச்டி2ஏ ரிசப்டர். புறணியின் ஐந்தாம் அடுக்குப் பிரமிடு அணுக்களில் இது அடர்த்தியாக இருக்கிறது. மனிதரில் இதற்கு உறுதியான சான்று 1998-ல் சூரிச்சில் ஃபோலன்வைடர் குழு செய்தது: கீட்டான்செரினை முன்கூட்டியே கொடுத்து 5-எச்டி2ஏ-வை அடைத்துவிட்டால் சைலோசைபினின் அனுபவ மாற்றம் வருவதில்லை. 2019-ல் கோபன்ஹேகன் குழு பெட் ஸ்கேனில் (கதிரியக்கக் குறியிட்ட மூலக்கூறைத் தொடரும் ஸ்கேன்) ரிசப்டர் எவ்வளவு நிரம்புகிறது என்றே அளந்தது. அதிகபட்சமாக 72 சதவீதம் வரை போனது, நிரம்பிய அளவும் அனுபவத்தின் தீவிரமும் சேர்ந்தே ஏறின. எட்டுப் பேர்தான், ஆனாலும் அளவுக்கும் விளைவுக்கும் உள்ள தொடர்பை இவ்வளவு நேராகக் காட்டிய வேலை குறைவு.

எல்எஸ்டி 8 முதல் 12 மணி நேரம் நீள்வதற்கும் காரணம் கிடைத்திருக்கிறது. 2017-ல் 5-எச்டி2பி ரிசப்டரோடு எல்எஸ்டி பிணைந்த படிக அமைப்பைப் பார்த்தபோது, ரிசப்டரின் வெளி வளையம் ஒன்று பானை மூடிபோல் மேலே கவிந்து மூலக்கூறை உள்ளேயே பிடித்து வைத்திருந்தது.

ஒரு விஷயத்தை விட்டுவிடாதீர்கள். லிசுரைடும் 5-எச்டி2ஏ-வைத் தூண்டும் மருந்துதான், ஆனால் அதில் மாயக்காட்சி வருவதில்லை. ரிசப்டரில் ஒட்டுவதோடு கதை முடிவதில்லை; ஒட்டியபின் அணுவுக்கு உள்ளே ஜிக்யூ என்ற சமிக்ஞைப் பாதை எவ்வளவு வலுவாக இயங்குகிறது என்பதும் சேர்ந்துதான் விளைவைத் தீர்மானிக்கிறது. மாயக்காட்சி மருந்து கொடுத்தால் எலி தலையைச் சிலிர்க்கும்; அந்தத் தலைச்சிலிர்ப்பை எண்ணுவது இதற்காகத்தான்.

செல்லூர்

அக்கா, ஊமத்தை, கஞ்சா, கீட்டமின் எல்லாம் இதே கணக்கில் வருமா? வார்டில் எல்லாவற்றையும் ஒரே பெயரில் எழுதுகிறார்கள்.

மாசிவீதி

வராது. ஊமத்தையில் இருப்பது அட்ரோபினும் ஸ்கோபோலமினும். அது அசிடைல்கோலினின் மஸ்கரினிக் ரிசப்டரை அடைக்கிறது, வருவது சித்தப்பிரமை. நேரம், இடம், ஆள் தெரியாது, கண்மணி விரிந்திருக்கும், தோல் வறண்டு சுடும், சிறுநீர் அடைபடும். சைலோசைபினில் பெரும்பாலும் ஆள் தன் நினைவோடு இருப்பார், தான் மருந்தின் பிடியில் இருக்கிறோம் என்பதும் தெரியும். கஞ்சா சிபி1 ரிசப்டர் வழி. மயக்க மருந்தான கீட்டமின் என்எம்டிஏ என்ற வேறு ரிசப்டரை அடைக்கிறது. கேஸ் ஷீட்டில் தனித்தனியாகவே எழுதச் சொல்லுங்கள், சிகிச்சையே வேறு.

காந்தச்சுருள்

ஸ்கேன் பகுதிக்கு வருகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எஃப்எம்ஆர்ஐ அளப்பது ரத்தத்தில் ஆக்சிஜன் நிலை மாறுவதை. நரம்பணு வேலை செய்தால் அங்கே ரத்த ஓட்டம் கூடும் என்ற தொடர்பை நம்பித்தான் மற்ற எல்லாமே நிற்கிறது. இங்கேதான் இந்த மருந்துகளின் தனிச் சிக்கல்: 5-எச்டி2ஏ ரத்தக்குழாயின் மென்தசையிலும் இருக்கிறது, தூண்டினால் குழாய் சுருங்கும். நரம்பணு எதுவும் செய்யாமலேயே சிக்னல் மாறலாம். 2012 கட்டுரையில் முன்மூளை நடுப்பகுதியிலும் மூளையின் நடுக்கோட்டில் பின்பக்கம் உள்ள பின் சிங்குலேட்டிலும் சிக்னல் குறைந்ததை "அங்கே செயல்பாடு குறைகிறது" என்று வாசித்தார்கள். 1997-ல் சூரிச்சில் குளுக்கோஸ் செலவைக் காட்டும் எஃப்டிஜி பெட் எடுத்தபோது முன்மூளையில் குளுக்கோஸ் பயன்பாடு கூடியிருந்தது. ஒன்று சில நிமிடங்களின் ரத்த ஓட்டம், மற்றது பத்துக்கணக்கான நிமிடங்களின் சர்க்கரைச் செலவு. கொடுத்த வழியும் வேறு. ஆகவே ஒன்று சரி, மற்றது தப்பு என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் ரத்த ஓட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு "மூளை அணைகிறது" என்று சொன்னால் அது தாங்காது.

இரண்டாவது, தலையசைவு. மருந்து எடுத்தவர் அசைவார், பிளசீபோ (வெற்று மருந்து) எடுத்தவர் அந்த அளவுக்கு அசைய மாட்டார். அசைவு பக்கத்துப் பகுதிகளுக்கு இடையே பொய்யான தொடர்பை உண்டாக்கும், தூரத்துத் தொடர்பைக் குறைத்துக் காட்டும். "வலைப்பின்னல்கள் கலைந்துவிட்டன" என்ற முடிவு வருவதற்கு இது ஒன்றே போதும். 2016 எல்எஸ்டி ஆய்வில் 20 பேருக்கு 75 மைக்ரோகிராம் கொடுத்தார்கள். எஃப்எம்ஆர்ஐ கணக்கில் மிஞ்சியவர்கள் 15 பேர். குறைந்த ஐவரில் நால்வரை விலக்கியதற்குக் காரணம் தலையசைவு. இது அந்தக் குழுவின் நேர்மை. எத்தனை பேரை விலக்கினோம் என்று சொல்லாத கட்டுரையைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

மூன்றாவது, மூச்சு. வேகமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு இறங்கும், மூளை ரத்தக்குழாய் சுருங்கும், முழு மூளையின் சிக்னலும் ஒன்றாக ஆடும். பயந்தவர் வேகமாக மூச்சு விடுவார். இந்த மருந்தில் பயம் வருவது சகஜம்.

சரியாகச் செய்ய நினைப்பவர்கள் இப்படிச் செய்வார்கள். மருந்து நாளுக்கு முன்பே போலி ஸ்கேனரில் படுக்கப் பழக்குவார்கள். தலையின் இருபுறமும் பஞ்சுத் திண்டு. வயிற்றில் மூச்சுப் பட்டை, விரலில் நாடிமானி, முடிந்தால் மூக்கருகே வெளிமூச்சின் கார்பன் டை ஆக்சைடு அளவு. ஒரே படத்தைச் சிறு இடைவெளிகளில் பல முறை பதியும் பல எக்கோ வரிசையில் எடுத்தால் ரத்த ஆக்சிஜன் மாற்றத்தையும் அசைவையும் பிரிப்பது எளிது. மூச்சடக்கும் சோதனை ஒன்றை மருந்து நாளிலும் வெறும் நாளிலும் எடுத்தால், ரத்தக்குழாயின் எதிர்வினையே மாறியிருக்கிறதா என்று தெரியும். பிறகு கணக்கில், பிரேமுக்குப் பிரேம் (ஒவ்வொரு மூளைப் படத்துக்கும் அடுத்ததற்கும் இடையே) தலையின் நகர்வு 0.5 மி.மீ.க்கு மேல் போனவற்றை வெட்டுவது வழக்கம், கறாரான குழுக்கள் 0.2 என்று வைக்கும். வெட்டியபின் இரண்டு நிலைகளிலும் மிஞ்சிய பிரேம் எண்ணிக்கையைச் சமமாக்க வேண்டும். இதைத்தான் பலர் மறக்கிறார்கள். ஒரு பக்கம் 300 பிரேம், மறுபக்கம் 180 என்றால் குறைந்த பக்கத்தின் தொடர்பு மதிப்புகள் தாமாகவே அதிகம் சிதறும். அந்தச் சிதறலையே மருந்தின் விளைவு என்று எழுதிவிடுவார்கள்.

இந்த வகையில் 2024 செயின்ட் லூயிஸ் வேலைக்கு என் மதிப்பு அதிகம். ஏழு பேர்தான். ஆனால் ஒவ்வொருவரையும் சராசரியாக 18 முறை, மருந்துக்கு முன்னும் பின்னும் வாரக்கணக்கில் ஸ்கேன் செய்தார்கள். ஒப்பீட்டுக்கு விழிப்பூட்டும் மருந்தான மெத்தில்பெனிடேட் 40 மி.கி.; அதுவும் நாடித்துடிப்பையும் விழிப்பையும் கூட்டுவதால், "வெறும் கிளர்ச்சிதானே" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கிறது. சைலோசைபின் உண்டாக்கிய இணைப்பு மாற்றம் மெத்தில்பெனிடேட்டைவிட மூன்று மடங்குக்கும் மேல். உள்ளே ஒரு எளிய பார்வை-கேட்டல் பொருத்தும் வேலையைக் கொடுத்தபோது கலைவு குறைந்தது. எனக்கு அந்தக் கட்டுரையிலேயே முக்கியமானதாகப் படுவது அதுதான்: ஸ்கேனருக்குள் ஆள் என்ன செய்துகொண்டிருந்தார் என்பது முடிவையே மாற்றுகிறது. நினைவோடு தொடர்புடைய ஹிப்போகாம்பஸின் முன்பகுதிக்கும், சும்மா இருக்கும்போது இயங்கும் டிஃபால்ட் மோட் வலைப்பின்னலுக்கும் இடையே தொடர்பு குறைந்தது வாரக்கணக்கில் நீடித்தது என்பதையும் காட்டினார்கள். ஏழு பேரை வைத்து மக்கள்தொகைக்குச் சொல்ல முடியாது. ஒரே ஆளுக்குள் நடக்கும் மாற்றத்துக்கு நல்ல சான்று.

வைகைக்கரை

சார், இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி. பிரேம் எண்ணிக்கையைச் சமமாக்குவதைத் தனி ஸ்லைடாகவே போடுகிறேன். மாசிவீதி அக்கா, "நரம்பணுவில் புதிய கிளைகள் முளைக்கின்றன" என்று சொல்வதன் நிலை என்ன?

மாசிவீதி

எலியில் நல்ல சான்று உண்டு. 2021-ல் யேல் குழு சுண்டெலிக்கு ஒரே ஒரு முறை கிலோவுக்கு 1 மி.கி. சைலோசைபின் கொடுத்து, முன்மூளையில் அதே டென்ட்ரைட்டை (நரம்பணுவின் கிளை) உயிரோடிருக்கும்போதே திரும்பத் திரும்ப நுண்ணோக்கியில் பார்த்தது. ஒரு நாளுக்குள் அதில் முளைக்கும் நுண்முட்களான ஸ்பைன்களின் அடர்த்தி ஏறத்தாழ 10 சதவீதம் கூடி, ஒரு பகுதி ஒரு மாதம் கழித்தும் நிலைத்திருந்தது. 2018-ல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகக் குழு வளர்ப்புத் தட்டில் கிளை வளர்வதைக் காட்டியது. 2023-ல் அதே குழு, அணுவுக்கு உள்ளே இருக்கும் 5-எச்டி2ஏ ரிசப்டர்தான் இதற்குப் பொறுப்பு என்றது. செரட்டோனின் தானாக அணுச்சவ்வைக் கடந்து உள்ளே போவதில்லை, சைலோசின் போகும். அதே ஆண்டு வேறொரு குழு, எல்எஸ்டியும் சைலோசினும், நரம்பணு வளர்ச்சியைத் தூண்டும் டிஆர்கேபி ரிசப்டரிலேயே ஒட்டுகின்றன என்றது. இரண்டுக்கும் இடையே வழக்கு இன்னும் தீரவில்லை.

மனிதருக்கு வரும்போது கவனம் வேண்டும். ஸ்பைன் ஒரு மைக்ரோமீட்டர் அளவு, எஃப்எம்ஆர்ஐ படத்தின் மிகச் சிறிய கட்டமான வோக்சல் 2 முதல் 3 மி.மீ. படத்தில் தெரியும் எதையும் ஸ்பைன் வளர்ச்சி என்று சொல்ல வழியில்லை. எலி டோஸை உடல் எடையால் பெருக்கி மனித டோஸாக்குவதும் தப்பு. ஸ்லைடில் எலி ஆய்வுக்கு அடியில் எலி என்றே எழுதுங்கள்.

சராசரி

சிகிச்சைச் சோதனைகளைப் பற்றி நான்.

2021 சோதனையில் 59 பேர். ஒரு குழுவுக்கு மூன்று வார இடைவெளியில் 25 மி.கி. சைலோசைபின் இரண்டு முறை, மற்றதற்கு ஒப்பீட்டு அளவாக 1 மி.கி. இரண்டு முறையும் தினம் வழக்கமான மனச்சோர்வு மருந்தான எஸ்சிடாலோபிராமும். முன்பே அறிவித்த முதன்மை அளவுகோலில் ஆறாம் வாரம் குறைவு 8.0 புள்ளியும் 6.0 புள்ளியும், வேறுபாடு புள்ளியியல்படி தேறவில்லை. துணை அளவுகோல்கள் சைலோசைபின் பக்கம் சாய்ந்தன, ஆனால் பல ஒப்பீடுகளுக்கான திருத்தம் செய்யப்படவில்லை. "எஸ்சிடாலோபிராமைவிட மேல்" என்று எழுதுபவர்கள் துணை அளவுகோலை எடுத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

2022 சோதனை பெரிது: சிகிச்சைக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 233 பேர், ஒரே ஒரு டோஸ். மூன்றாம் வாரம் மேட்ரிஸ் (மனச்சோர்வின் தீவிரத்தை அளக்கும் அளவுகோல்) மதிப்பெண் குறைவு 25 மி.கி.யில் 12.0, 10 மி.கி.யில் 7.9, 1 மி.கி.யில் 5.4. டோஸ் ஏற ஏற விளைவும் ஏறுவது நல்ல அறிகுறி. பாதகங்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்: 77 சதவீதத்தினருக்குத் தலைவலி, குமட்டல், தலைசுற்றல் போல ஏதோ ஒன்று, தற்கொலை எண்ணமோ தன்னைக் காயப்படுத்துவதோ எல்லா டோஸ் குழுக்களிலும் பதிவானது.

இப்போது பெரிய ஓட்டை. மருந்து எடுத்தவருக்கு ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும், பக்கத்தில் இருக்கும் சிகிச்சையாளருக்கும் தெரிந்துவிடும். யாருக்கு எது கிடைத்தது என்பதை மறைத்து வைக்கும் இருட்டறை முறை உடைந்துவிட்டது. பிளசீபோ வந்தவர் ஏமாந்து போய், அதனாலேயே அவர் மதிப்பெண் குறையாமல் நிற்கலாம். அதனால் மருந்து பெரிதாகத் தெரியும். 2023-ல் ஜாமா மருத்துவ இதழில் வந்த சோதனையில் 104 பேர், ஒப்பீட்டுக்கு 100 மி.கி. நியாசின் (ஒரு வைட்டமின்), 43-ஆம் நாள் வேறுபாடு 12.3 புள்ளி. 2022 சோதனையில் 25 மி.கி.க்கும் 1 மி.கி.க்கும் இடையே 6.6. நோயாளிகளும் வேறு, அளந்த நாளும் வேறு என்பது உண்மை. ஆனால் நியாசின் முகச்சிவப்பைக் கொடுக்குமே தவிர யாரையும் நம்பவைக்காது. 1 மி.கி. குழுவில் "எனக்கும் சைலோசைபின் கிடைக்கும்" என்று எல்லாருக்கும் முன்பே தெரியும். அந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காமல் இரண்டு எண்ணையும் ஒப்பிடக் கூடாது.

அனுபவ மாற்றம் தெரியாத மிகச் சிறிய அளவான நுண்டோஸில் இது இன்னும் வெளிச்சம். 2021-ல் 191 பேர் தாங்களே இருட்டறை அமைத்துச் செய்த ஆய்வில், நுண்டோஸ் எடுத்தவர்களும் வெறும் குளிகை எடுத்தவர்களும் ஏறத்தாழ ஒரே அளவு தேறினார்கள்.

சரிசெய்ய வழி இருக்கிறது. சீட்டுப் போடுவதற்கு முன்பே எதிர்பார்ப்பை அளந்து வைக்க வேண்டும். டோஸ் நாள் மாலையிலும் ஆய்வின் முடிவிலும், "எது கிடைத்ததென்று நினைக்கிறீர்கள், எவ்வளவு உறுதி" என்று நோயாளி, சிகிச்சையாளர், மதிப்பீட்டாளர் மூவரிடமும் தனித்தனியே கேட்க வேண்டும். மதிப்பீட்டாளர் வேறு ஊரில் இருந்து தொலைபேசியில் பேச வேண்டும், எத்தனையாவது வாரம் என்றுகூட அவருக்குத் தெரியக் கூடாது.

ஆள் கணக்கும் சொல்லிவிடுகிறேன். மேட்ரிஸில் 5 புள்ளி வேறுபாடு, திட்டவிலக்கம் 11, 80 சதவீத வலு, 5 சதவீதப் பிழை என்றால் ஒரு குழுவுக்கு 76 பேர். 15 சதவீதம் விலகுவார்கள் என்று வைத்தால் 90. இரண்டு குழுவுக்கு 180. ஒவ்வொருவருக்கும் ஒரு முழு நாள், இரண்டு கண்காணிப்பாளர், முன்பின் அமர்வுகள். சிறிய சோதனைகளே ஏன் அதிகம் வருகின்றன என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

மன்னவனூர்

காளான் பக்கம் ஒரு குறிப்பு. கொடைக்கானல் மலையில் கிடைப்பதை வைத்து "ஆய்விலேயே நிரூபித்திருக்கிறார்கள்" என்று பேசுபவர்கள் கூடிவிட்டார்கள். ஆய்வில் கொடுப்பது ஆய்வகத்தில் தொகுத்த, எடை உறுதிசெய்த 25 மி.கி. குளிகை. காளானில் அளவு இனத்துக்கு இனம், பறிப்புக்குப் பறிப்பு பலமடங்கு மாறும். நசுக்கினால் நீலமாகும் என்பதும் காப்பாற்றாது. சைலோசைபினின் பாஸ்பேட்டை ஒரு நொதி கழற்ற, இன்னொரு நொதி சைலோசினை ஆக்சிஜனேற்றிப் பிணைப்பதால் வரும் நிறம் அது. பக்கத்தில் முளைத்திருக்கும் வேறு காளானைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

கேலரினா வகைக் காளான்கள் சிலவற்றில் கல்லீரலைக் கெடுக்கும் அமாடாக்சின் நஞ்சு இருக்கிறது, சமைத்தாலும் அழியாது. வார்டில் நேரத்தைக் கேளுங்கள். தின்று 6 மணி நேரத்துக்குப் பிறகு வாந்தியும் வயிற்றுப்போக்கும் தொடங்கினால் அமாடாக்சின் என்றே எடுத்துக்கொண்டு வேலையைத் தொடங்க வேண்டும். இரண்டாம் நாள் தேறியதுபோல் இருக்கும், அப்போது வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது; அதன்பிறகுதான் கல்லீரல் விழும். எல்எஃப்டியும் (கல்லீரல் சோதனை) ஐஎன்ஆரும் (ரத்தம் உறையும் சோதனை) உடனே ஒருமுறை, பிறகு இரண்டு மூன்று நாட்களுக்குத் திரும்பத் திரும்ப. மிச்சக் காளான் இருந்தால் பிளாஸ்டிக் பையில் போட வேண்டாம், அழுகிவிடும். காகித உறையில் கொண்டுவரச் சொல்லுங்கள். பைன் மரத்தடியில் வரும் சிவப்புக் குடைக் காளான் வேறு வகை. அதில் மஸ்கிமால், காபா ரிசப்டர் வழி, தூக்கமும் குழப்பமும் வரும்.

விதிமுறை

சட்டம்: சைலோசைபின், சைலோசின், எல்எஸ்டி மூன்றும் 1985 போதைப்பொருள் சட்டத்தின் அட்டவணையில் உள்ளவை. அதன் 8-ஆம் பிரிவு மருத்துவ, அறிவியல் காரணத்துக்கு விதிகளின்படி இடம் விடுகிறது. மனிதச் சோதனை என்றால் 2019 விதிகளின்படி சிடிஎஸ்சிஓ (மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு) அனுமதி, பதிவுபெற்ற நெறிக்குழு, முதல் ஆளைச் சேர்க்கும் முன் சிடிஆர்ஐ (இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேடு) பதிவு, புதிய மூலக்கூறில் நலிந்த நிலையில் உள்ளவர்களைச் சேர்த்தால் ஒப்புதலைக் காட்சியும் ஒலியுமாகப் பதிவது. ஒரு துறை தனியாக இழுக்கக்கூடிய தேர் இது கிடையாது. கீட்டமினும் 2011 முதல் இதே சட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் மருத்துவமனையில் முறைப்படி இருப்பு உண்டு.

காந்தச்சுருள்

மதுரையில் உடனே செய்யக்கூடியது, ஏற்கெனவே பொதுவில் இருக்கும் தரவை எடுத்து மறுபடி கணக்கிடுவது. 2016 எல்எஸ்டி ஆய்வின் 15 பேர் தரவு ஓப்பன்நியூரோ என்ற பொதுத் தரவுத் தளத்தில் டிஎஸ்003059 என்ற எண்ணில் இருக்கிறது. முதலில் ரீட்மீயைப் படித்து எந்தெந்த முன்சீராக்கம் முடிந்திருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முடிந்ததை மறுபடி ஓட்டினால் தரவு கெடும். பிறகு ஒரே கேள்வி: அசைவு வரம்பை மாற்ற மாற்ற இணைப்பு மாற்றம் எவ்வளவு சுருங்குகிறது? ஆய்வேட்டுக்கு அது போதும்.

இரண்டாவது, மயக்கவியல் துறையோடு சேர்ந்து கீட்டமின் இஇஜி (தலைமேல் மின்வாய் வைத்து மூளை அலையை அளப்பது). மனச்சோர்வுக்கான வழக்கமான அளவு கிலோவுக்கு 0.5 மி.கி., 40 நிமிடத்தில். 60 கிலோ ஆளுக்கு 30 மி.கி.யை 50 மி.லி. சலைனில் கலந்து சிரிஞ்ச் பம்பில் மணிக்கு 75 மி.லி. மயக்க மருத்துவர் அருகில் இருக்க வேண்டும், ரத்த அழுத்தம் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஒப்பீட்டுக்கு உறக்கமூட்டும் மிடாசோலம் என்று எல்லாரும் எழுதுவார்கள். இஇஜியில் அது தானே பீட்டாவைக் கூட்டும், அதனால் சலைன் குழு ஒன்றும் வேண்டும்.

நம்மூரில் இஇஜியைக் கெடுப்பது பெரும்பாலும் தலையெண்ணெய். முந்தின நாளே எண்ணெய் வைக்காமல், ஷாம்பு போட்டு அலசி, கண்டிஷனர் இல்லாமல், பூ வைக்காமல் வரச் சொல்லுங்கள். மின்வாயின் தடை 10 கிலோஓமுக்கு மேல் நின்றால் அந்த இடத்தை மட்டும் ஜெல்லால் தேய்த்து மறுபடி பாருங்கள். வியர்த்தால் 1 ஹெர்ட்ஸுக்குக் கீழே அலை மெதுவாக மிதக்கும். அறையைக் குளிர வைத்த பிறகே தொப்பியை மாட்டுங்கள். 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் தெரிந்தால் யுபிஎஸ்ஸையும் கட்டிலின் மோட்டாரையும் சந்தேகியுங்கள். பல்லைக் கடித்தால் வரும் தசைச் சிக்னல் காமா அலைபோலவே இருக்கும். கன்னத்தில் ஒரு தசை மின்வாய் ஒட்டினால்தான் பிரிக்கலாம். சைலோசைபின், எல்எஸ்டி, கீட்டமின் மூன்றிலும் சிக்னலின் சிக்கல்தன்மை கூடுவதை 2017-ல் எம்இஜியில் (மூளையின் காந்தப்புலத்தை அளப்பது) காட்டினார்கள். அந்த ஒற்றுமையை வைத்து, கீட்டமினில் கண்டதைச் சைலோசைபின் முடிவாக எழுதிவிடாதீர்கள்.

செல்லூர்

கடைசியாக ஒன்று அக்கா. லித்தியத்தில் இருக்கும் ஒருவர் வெளிநாட்டில் இந்தச் சிகிச்சைக்குப் போகலாமா என்று கேட்டால்?

மாசிவீதி

வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். லித்தியத்தோடு சேர்ந்தபோது வலிப்பு வந்ததாகப் பல பதிவுகள் உள்ளன. லித்தியத்தில் இருக்கிறார் என்றாலே பெரும்பாலும் இருமுனை நோய், அதைப் பெரும்பாலான ஆய்வுகள் முன்வாசலிலேயே தடுக்கின்றன; பெற்றோர், உடன்பிறந்தாரில் மனச்சிதைவு இருந்தாலும் அப்படியே. போவதற்காக லித்தியத்தைத் தானே நிறுத்திவிடுவாரோ என்பதுதான் அடுத்த ஆபத்து, ஆகவே "நிறுத்தாதீர்கள்" என்பதையும் சேர்த்தே சொல்லி, கூட வந்தவரிடமும் சொல்லி, கேஸ் ஷீட்டில் எழுதிவையுங்கள். எஸ்சிடாலோபிராம் போன்ற எஸ்எஸ்ஆர்ஐ எடுப்பவர் கேட்டால், அது விளைவை மட்டுப்படுத்தலாம் என்பதும், திடீரென்று விட்டால் தலைசுற்றல், பதற்றம், மனச்சோர்வு திரும்புதல் என்று வரும் என்பதும் பதில். இந்தக் கேள்வியோடு வருபவரைத் திட்டி அனுப்பினால் அடுத்த முறை சொல்லாமல் எடுப்பார். உட்காரவைத்து என்னென்ன மாத்திரை, எவ்வளவு நாளாக என்று பட்டியல் வாங்குங்கள்.